பெஞ்சுப் பக்கத்துச் சத்தம்

தினமும் காலையில் சலூன் ஷட்டர் மேலே போனதும் மாமாவின் இரண்டு காதுகளும் செத்துப்போயின.

அரை டாக்டர் லேப்டாப் திரையை இன்னொரு தடவை முறைத்துப் பார்த்தாள். மாமாவின் காதுக் கருவி, தான் எப்போது மாட்டப்பட்டது, எப்போது கழற்றப்பட்டது என்பதை அவருடைய போன் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் அதைக் காட்டும் நீலக் கோடு விடிந்ததும் எழுந்திருக்கிறது, காபி நேரம் முழுக்க ஜோராக ஓடுகிறது, கடை திறக்கிற நேரத்தில் தொபுக்கென்று விழுகிறது. சாயங்காலம் கடை சாத்தியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. கொலை நடந்த இடம் தெரிகிறது, நேரம் தெரிகிறது, கொலைகாரன் யார் என்பதுதான் தெரியவில்லை.

அரை டாக்டர் என்பது மாமா வைத்த பெயர். வருஷக்கணக்கில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தும் இன்னும் முழுசாக ஆகவில்லையாம். அவள் ஆராய்ச்சி இதுதான்: சாதாரணக் காதுக் கருவி கூட்டத்துக்கு நடுவே எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும், எதிரே இருப்பவர் பேசுகிற சொல்லும் பக்கத்து மேஜையில் விழுகிற கரண்டியும் அதற்கு ஒன்றுதான். அவள் எழுதிய மென்பொருள், எதிரே பேசுகிறவரின் குரலை மட்டும் பிடித்து முன்னால் நிறுத்தி, மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பல்கலைக்கழகச் சோதனை அறையில், அதுவரை பாதி வாக்கியத்தைக் கோட்டைவிட்டவர்கள் இந்தக் கருவியை மாட்டிக்கொண்டு முழு வாக்கியத்தையும் ஒப்பித்தார்கள். அந்தச் சோதனையின் மதிப்பெண்ணை அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு போகிற கூட்டத்திலெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கட்டமாகக் கருவியை வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பார்க்கச் சிலரிடம் கொடுத்திருந்தாள். எல்லாரும் போட்டுக்கொண்டார்கள், மாமாவைத் தவிர.

"ஒரு ஆள் ஒழுங்கா போட்டுக்கல, அவ்வளவுதானேம்மா? அவரை விட்டுட்டு எழுதுங்க. வெள்ளிக்கிழமை அத்தியாயம் என் மேஜைல இருக்கணும்" என்று கைடு சுலபமாகச் சொல்லிவிட்டார். எழுதலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மாமாவின் காதுக்காகத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். அவரை விட்டுவிட்டு தீசிஸ் எழுதுவது, மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கல்யாண போட்டோ எடுக்கிற மாதிரி.

போனில் கேட்டால் மாமா "சூப்பரா கேக்குதும்மா" என்பார். அதே போனைப் பிடுங்கி அத்தை உண்மையைச் சொன்னாள். "கடைக்குப் போனதும் கழட்டி சீப்பு டப்பால போட்டுடறாரு. வீட்டுல எதுர எதுர உக்காந்து பேசினா நல்லாவே கேக்குது. முன்ன மாதிரி காது கேக்கலன்னு தப்பிக்க முடியல, பாவம்."

அப்படியானால் கொலைகாரன் கடையில்தான் இருக்கிறான். முடி வெட்டும் மெஷின்தான் அது என்று அவள் தீர்மானித்தாள். காதுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க 'ர்ர்ர்' என்று ஓடினால் யார்தான் கழற்றமாட்டார்கள்? அந்த இரைச்சலை மட்டும் வடிகட்டும் ஒரு திருத்தத்தை எழுதி, சத்தம் அளக்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையிலேயே சலூனில் போய் இறங்கினாள்.

நீளமான ஒற்றை அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு எதிரே ஒரு சுழல் நாற்காலி, பின்சுவரை ஒட்டி ஒரு மர பெஞ்சு. பெஞ்சில் டாக்ஸிக்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மூன்று பேர் தலையிலும் சேர்த்து வெட்டினாலும் ஒரு கைப்பிடி முடி தேறாது. ஆனாலும் கடை திறந்தால் ஆஜராகிவிடுவார்கள். நாற்காலியில் தபால்காரர் முகம் முழுக்க நுரையோடு கண்ணை மூடிக் கிடந்தார்.

"வாம்மா அரை டாக்டர். முடி வெட்டிக்கவா, என்னை வெட்டவா?" என்றபடியே மாமா அவசரமாகச் சீப்பு டப்பாவில் கையை விட்டுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"மாமா, அந்த மெஷின் சத்தம்தானே தொந்தரவு?"

"அதேதாம்மா. காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி. கரெக்டா கண்டுபிடிச்சிட்ட."

அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் அவளை உறுத்தியது. ஆணியில் தொங்கிய மெஷினை எடுத்துப் பார்த்தாள். அதன் ஒயர் சுருட்டிய சுருட்டு அவிழாமல் இருந்தது. அதன்மேல் பவுடரும் தூசியும் சேர்ந்து ஒரு சட்டையே தைத்திருந்தன. மாமா கத்தரிக்கோல் ஆசாமி. இந்த மெஷின் ஓடி எத்தனை காலமாயிற்றோ. அவள் அதை ஆணியிலேயே மாட்டிவிட்டு, போய் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்ஸிக்காரர் முந்தின நாள் கதையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறியவர் எங்கே போகவேண்டும் என்று சொல்வதற்குள் தூங்கிவிட்டாராம். எழுப்பவும் மனசில்லை, நிறுத்தவும் வழியில்லை. ஊரையே சுற்றிவிட்டு ஏறின இடத்துக்கே திரும்பி வந்தால், அவர் அங்கே கண் விழித்து, வீடு வந்துவிட்டதென்று நன்றி சொல்லி இறங்கிப் போய்விட்டாராம். சொல்லி முடித்ததும் டாக்ஸிக்காரர் மாமாவின் முதுகைப் பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில் மாமா நக்கலாக ஒரு போடு போடுவார், கடையே குலுங்கும். அதற்காகவே அவர் கதையை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். முதுகு அசையவில்லை, கத்தி சரக் சரக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் சிரித்தபிறகு, கண்ணாடியில் அவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு, மாமாவும் ஒரு சிரிப்பைச் சிரித்துவைத்தார்.

"காதுல மெஷின் ஏறினா நம்ம பேச்செல்லாம் அவருக்கு எட்டறதில்ல. பெரிய எடமாயிட்டாரு" என்றார் டாக்ஸிக்காரர்.

"கழட்டினாத்தான்யா மனுஷன்" என்றார் வாத்தியார்.

மாமாவின் முதுகுக்கு அதுவும் கேட்கவில்லை.

அரை டாக்டருக்குச் சுரீரென்றது. சோதனை அறையில் ஒரே ஒரு நாற்காலி. எதிரே ஒரு ஸ்பீக்கர், அதில்தான் கேட்கவேண்டிய வாக்கியம் வரும். நாற்காலிக்குப் பின்னால் இன்னும் சில ஸ்பீக்கர்கள், அவற்றில் நிறையப் பேர் கூடிப் பேசுகிற சத்தம். அதற்கு அவள் வைத்த பெயர் இரைச்சல். முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் பேசினால் அது குப்பை, தள்ளு என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். இங்கேயோ, மாமாவுக்கு எதிரே இருக்கிற ஆளின் வாய் எப்போதும் நுரைக்குள். பேச்சு முழுக்கப் பின்னாலிருந்துதான். அவளுடைய அருமையான கருவியை மாட்டிக்கொண்டு மாமா அத்தனை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வாயே திறக்காத ஒரு தபால்காரரை.

எழுந்து மாமாவுக்கு எதிரே போய் நின்றாள். "மாமா, பெஞ்சுல பேசறது கேக்குதா?"

மாமா கத்தியைத் துண்டில் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். "நேரா பேசினா மணி அடிச்ச மாதிரி கேக்குதும்மா. அது போதாதா? நீ எவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணினது."

"நீங்க எனக்காகப் பொய் சொன்னா என் தீசிஸும் பொய்தான் மாமா."

அவர் கண்ணாடியில் தெரிந்த பெஞ்சைப் பார்த்தார். "போடாதப்ப அவனுங்க சொல்றது பாதிதான் புரியும். ஆனா பேசறானுங்கன்னு தெரியும். இத மாட்டினா, கண்ணாடில ஆளு இருக்கு, கடை காலியா இருக்கு."

அவள் பவுடர் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைக் கண்ணாடிப் பலகையின்மேல் வைத்தாள். பின்பக்க மைக்கில் வருகிற பேச்சை அமுக்கும் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள். திரை மூலையில் தெளிவு மதிப்பெண் ஒரு படி இறங்கியது. இன்னும் தளர்த்தினாள். இன்னொரு படி. கைடு பெருமைப்பட்ட எண் அது, கண்ணெதிரே மெலிந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அவரே போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, அவரை லிஸ்டுலேருந்து எடுத்துட்டீங்களா?"

"இல்ல சார். அவரு இருக்காரு. மத்தவங்களத்தான் திரும்பக் கூப்பிட்டு, பின்னாடி பேசற ஆளையும் சேத்து சோதிக்கணும்."

"மார்க் இறங்கும். வெள்ளிக்கிழமை போச்சு. இந்த வருஷமும் போகலாம், தெரியுதா?"

"தெரியுது சார்."

"எங்கிருந்து பேசறீங்க, ஏதோ சத்தமா இருக்கு?"

"சலூன்லேருந்து சார். அந்தச் சத்தம்தான் சார் விஷயமே."

போனைத் துண்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். மாமா தபால்காரரின் மற்றொரு கன்னத்தில் கத்தியை வைத்தார். மாற்றிய அமைப்பைக் கருவிக்கு அனுப்பிவிட்டு, அவள் பின்சுவர்ப் பக்கம் திரும்பி டாக்ஸிக்காரருக்குக் கண் காட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமாவின் முதுகுக்கு, சாதாரணக் குரலில், கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னார்:

"நம்மாளு கைப்பதம் போயிடுச்சுப்பா. நான் வேற கடை பாத்துக்கலாம்னு இருக்கேன்."

கத்தி அந்தரத்தில் நின்றது.

மாமா திரும்பவில்லை. "போறவன் முடியோட போகணும்டா. உன் தலைய எவன் கடைல காட்டினாலும் பேப்பர் படிக்கத்தான் வந்திருக்கேன்னு நெனைப்பான்."

வாத்தியார் தொடையில் அடித்துக்கொண்டார், மருந்துக்கடைக்காரருக்குப் புரையேறியது. அதற்குப்பின்தான் மாமா மெல்லத் திரும்பினார். ஒவ்வொரு வாயாக, எது எந்தக் குரல் என்று சரிபார்க்கிற மாதிரி, பெஞ்சை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு கிடந்த தபால்காரர் மட்டும், என்ன நடந்தது என்று கேட்க வாயைத் திறந்தார். நுரைக்குள்ளிருந்து பெரிதாக ஒரு குமிழி கிளம்பி, கண்ணாடிக்கு முன்னால் ஆடி ஆடி மேலே போனது.