வெளுத்துப்போன காய்க்காரர்

காய்கறிக் கடைக்காரரின் மனைவி எதை மறந்தாலும் அது வெளுத்துப்போனது. முதலில் போனது சமையலறைக் கதவின் பச்சை. பெயின்ட் மட்டம் என்று கடைக்காரர் பெயின்ட் அடித்தவரைப் பிடித்துத் திட்டினார். அவர் பாவம், சும்மாவே மறுபடி அடித்துக் கொடுத்தார். அதுவும் காய்வதற்குள் வெளுத்தது. அடுத்து மாடிவீட்டுத் தையல்காரம்மா. "இந்தம்மா யாருங்க?" என்று மனைவி கேட்ட மறுநாள், தையல்காரம்மா சலவைத் துணிபோல் வெள்ளையாகப் படியிறங்கி வந்தாள். வந்தது சண்டைக்குத்தான். விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டுப் போனாள். தெருவில் கொஞ்ச நாள் இதே பேச்சாக இருந்தது, பிறகு குழாயில் தண்ணீர் வராத பேச்சு வந்துவிட்டது.

டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, போனது திரும்பாது என்று உடைத்துச் சொன்னார். "கீரை, பீட்ரூட், கேரட், ஊதா முட்டைக்கோஸ், இப்படி நல்ல நிறமா இருக்குறதை நெறைய குடுங்க. அதுல இருக்குற சத்து, மிச்சம் இருக்குறதைக் கொஞ்சம் காப்பாத்தலாம். காப்பாத்தலாம்னுதான் சொல்றேன், காப்பாத்தும்னு சொல்லல." கடைக்காரர் தன் வீட்டுச் சமையலை நினைத்துப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பளபளவென்று அடுக்கி வைத்து விற்றவர், வீட்டுக்கு எடுத்துப்போனது யாரும் தொடாமல் மிஞ்சியதை. காய் விற்கிற எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். நல்லதை வீட்டுக்கு எடுத்தால் கைமுதலைத் தின்பதாகப் பேசுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுகலை அரிந்து வீசிவிட்டு, வாடியதைத் தண்ணீரில் போட்டு நிமிர்த்திச் சமைத்திருக்கிறாள். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. "நான்தான் டாக்டர் அவளை இப்படி ஆக்கிட்டேன்" என்றார். அப்படியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது கடைக்காரர் காதில் ஏறவே இல்லை.

அதற்குள் மகள் வெளுக்கத் தொடங்கியிருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று இன்னும் தடித்த கண்ணாடியாகக் கேட்டார்கள். முதலாளிக்குச் சந்தோஷம். அவளுக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. புருவம் எங்கே, உதடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

டாக்டரைப் பார்த்த அன்றிலிருந்து கடையில் முதல் தரமாக வந்ததெல்லாம் வீட்டுக்குப் போயிற்று. கடைக்காரரே வேகவைத்து, மசித்து, மனைவிக்கு ஊட்டினார். ஊட்டும்போது யாரைப் பற்றிப் பேசினாரோ அவருக்கு நிறம் நின்றது. பீட்ரூட்டை வாயில் வைத்து மகள் நடை பழகிய கதையைச் சொன்னால், "அப்பா, என் கன்னம் செவக்குது!" என்று போன் வந்தது. அதே நேரம் கரண்டி பிடித்த அவர் கை வெளுத்தது. தன்னைப் பற்றிச் சொன்னால் கை தெளிந்தது, மகள் போனில் அழுதாள். இருவர் கதையையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார், இருவருமே மங்கினார்கள். கீரையைக் கட்டுக் கட்டாக வேகவைத்தும் ஒருவருக்குமேல் அது போதவில்லை.

ஒரே ஒருநாள் அவர் பேராசைப்பட்டார். சாப்பாடு முழுக்கத் தன்னைப் பற்றியே சொன்னார்: பெண் பார்க்கப் போன இடத்தில் நாற்காலியோடு சரிந்து விழுந்தது, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடியது. அவள் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா? எங்கே போய்த் தொலைஞ்சீங்க இத்தனை நாளா?" அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பிடியை அனுபவித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாலையில் மகள் வந்தாள். உடுப்பு நடந்து வருவதுபோல் இருந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த சுவர்தான் தெரிந்தது.

"அம்மாவுக்கு உங்க ஞாபகமே இருக்கட்டும்ப்பா. நான் இப்படியே இருந்துக்குறேன்."

"போடி பைத்தியக்காரி. வாழ வேண்டிய புள்ள பேசுற பேச்சா இது?"

அதற்குப் பிறகு அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை, கழுத்து, கடைசியில் கண்ணின் கருவிழி என்று எல்லாம் வெளுத்தன. கடைக்கு வருபவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு எடையைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மகளுக்கு நிறம் வந்துவிட்டது. "வாடி கண்ணு" என்று அம்மா கூப்பிடுகிறாள், தலைவாரி விடுகிறாள், தினமும் காய் கொண்டுவந்து ஊட்டிவிடுகிற அந்த வெள்ளை மனுஷரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறாள். அவரிடமும் மரியாதையாகத்தான் பேசுகிறாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "நேரமாச்சுங்க, கெளம்புங்க. உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?" என்று கேட்பாள். "தேடுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, அவள் கண்ணயரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். ஏறி இறங்குகிறவர்கள் அவருக்கு இடம்விட்டு ஓரமாகப் போவார்கள்.