வசவு நாள்

எங்கள் ஒகேலூசியில் மன்னருக்கு முடி சூட்டுவதற்கு முந்தைய நாள் வசவு நாள். இளவரசர் வெறும் பாயில் உட்கார வேண்டும். ஊரில் யாரும் எதிரே நின்று வாய்க்கு வந்தபடி திட்டலாம். பதிலுக்கு அவர் ஒரு சொல் பேசினாலும் பாயைச் சுருட்டிவிடுவார்கள். நாற்பது நாள் கழித்துத்தான் மறுபடி விரிப்பார்கள். முடி ஏறிய பிறகு அவரை யாரும் எதுவும் கேட்க முடியாது.

இளவரசர் அடெகிட்டேயின் படகு கவிழ்ந்ததில் என் கணவர் ஒலானியனும் மகள் போலுவும் போனார்கள். நான் ஒரு எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு கரையேறினேன். விசாரணைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. எனக்கு இருந்தது இந்த ஒரு நாள்தான்.

வசவு நாளுக்கு முந்தைய வாரம் விழாக் குழுத் தலைவர் ஃபசாசி வந்தார்.

"போலு அம்மா, இந்தத் தடவை திட்டுறதுக்கு ஏழு பேர்தான். டிவியில லைவ் போகுது, வெளிநாட்டு விருந்தாளிங்க வேற. வசவையும் நாங்களே எழுதிட்டோம். இது உனக்கு."

தாளில் இருந்தது: 'உன் காது யானைக் காது.'

"மூணு வருஷமா நான் மனசுல வெச்சிருந்தது யானைக் காதா, ஐயா?"

"காலம் மாறிப்போச்சும்மா. படிச்சவ நீ. வேணாம்னா சொல்லு, உன் இடத்துக்கு நூறு பேர் நிக்கிறான்."

தாளை வாங்கிக்கொண்டேன்.

வசவு நாளன்று எனக்கு முன்னால் மீன்காரி ரிஸ்கத், "உன் தொப்பைக்குத் தனிச் சிம்மாசனம் வேணும்டா" என்று படித்தாள். கூட்டம் சிரித்தது. கேமராவைப் பார்த்து இளவரசரும் சிரித்தார். என் முறை வந்தது. தாளைக் கசக்கிப் போட்டேன்.

"நாப்பது பேர் ஏறுற படகுல தொண்ணூறு பேரை ஏத்தச் சொன்னது நீ. வேணாம்னு சொன்ன படகோட்டியை அறைஞ்சே. நான் பக்கத்துல நின்னேன்டா."

ஒலிபெருக்கியை அணைத்தார்கள். எனக்குத் தொண்டை இருந்தது.

"முப்பத்தொரு பேரைக் கொன்னவனே!"

கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அது விபத்துன்னு விசாரணையே சொல்லிருச்சு" என்றார், கேமராவிடம்.

முடிசூட்டும் பெரியவர்களில் மூத்தவரான ஒஜோமோ எழுந்துபோய்ப் பாயின் நுனியைப் பிடித்தார். ஃபசாசி ஓடிவந்தார்.

"ஐயா, ஐயா! லைவ் போயிட்டிருக்கு!"

"நல்லதாப் போச்சு. இவன் பேசலேன்னு இனி எவனும் சொல்ல முடியாது. எந்திரிடா."

நாற்பது நாள் கழித்துப் பாய் விரித்தபோது கேமரா இல்லை, தாளும் இல்லை. முப்பத்தொரு பெயரையும் சொன்னேன். போலுவின் பெயரை இரண்டு தடவை சொன்னேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

மறுநாள் முடி ஏறியது. அவர் கார் வரும்போது தெருவே மண்டியிடுகிறது. நானும் மண்டியிடுகிறேன். அவர்தான் என் பக்கம் திரும்புவதில்லை.