இக்னேஷியஸ் சொல்லாத பதில்

பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரப்பர் கம்பெனித் தலைமை அலுவலகத்தின் மாடியில் புதன்கிழமைதோறும் சாயங்காலம் வகுப்பு நடக்கும். லீவில் சீமைக்குப் போய்த் திரும்பிய மெர்ட்டன் துரை, அங்கே ஏதோ தொழிற்சாலையில் பார்த்து வந்த புது வித்தையைத் கணக்கு எழுதும் தம் கிராணிமாருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தே தீருவது என்று கரும்பலகையும் சாக்கட்டியுமாகக் கிளம்பியிருந்தார். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து முதல் வரிசையில் உட்காருகிறவன் லியனார்ட். கம்பெனியின் கிள்ளான் கிட்டங்கியில் அவன்தான் கிராணி. ரப்பர் ஷீட்டுகளைப் பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற இடம் அது.

துரை முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் ஒழுங்கு. வேலைக்கு உடனே வேண்டாத சாமான் எதுவும் வேலை செய்கிற இடத்தில் கிடக்கக்கூடாது. அடுத்த பாடம், 'ஏன்' என்று கேட்பது. ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேள். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேள். சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் கையில் அகப்படும்வரை கேட்டுக்கொண்டே போ.

"ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்," என்றார் துரை. "ஓர் ஆளின் பெயர் பதிலாக வந்தால், அது பதில் இல்லை."

லியனார்டுக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி பெர்னடெட்டிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். குழம்பில் உப்பு ஏறியதற்குக்கூட ஏன் ஏன் என்று கேட்டு, அகப்பையால் ஓர் அடியும் வாங்கிக்கொண்டான்.

அப்புறம்தான் அந்தத் தந்தி வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அனுப்பிய சரக்கை லிவர்பூலில் திறந்து பார்த்தால் ஷீட்டெல்லாம் பூசணம் பிடித்துக் கிடக்கிறதாம். ரப்பர் விலை தரையில் கிடந்த வருஷம் அது. வேலை போனவர்களைக் குடும்பத்தோடு நாகப்பட்டணம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துரை மறுநாளே கிள்ளானுக்கு வந்துவிட்டார்.

"லியனார்ட், நம் முறையை இங்கே பிரயோகித்துப் பார்ப்போம். நீ மொழிபெயர்த்துச் சொல்," என்று சொல்லிவிட்டு, பெட்டி அடைக்கும் கூலியாட்களை மேய்க்கும் மண்டோரைக் கூப்பிட்டார்.

மண்டோர் வேறு யாருமில்லை, இக்னேஷியஸ்; பெர்னடெட்டின் அண்ணன். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஷீட்டில் ஏன் பூசணம் வந்தது?"

லியனார்ட் தமிழில் கேட்டான்.

"பொட்டிப் பலக ஈரமா இருந்திச்சு, அதான்."

"ஈரப் பெட்டியில் ஏன் அடைத்தாய்?"

"கப்பலுக்கு நேரமாச்சு. காய வைக்க நாள் இல்ல."

"பெட்டி ஏன் ஈரமாயிற்று?"

"வெளித் தாழ்வாரத்துல கெடந்திச்சு. மழ பேஞ்சிச்சு."

அடுத்த கேள்வியைத் துரை கேட்பதற்கு முன்பே அது எங்கே போய் முடியும் என்று லியனார்டுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிகள் எப்போதும் இருந்தது உள்ளே, பின்கட்டில். அந்தச் சரக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருநாள், துரை கிட்டங்கியைப் பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும், ஒழுங்குப் பாடம் படித்த சூட்டில், காலிப் பெட்டிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போடச் சொன்னவன் அவன்தான். "மாப்ளே, மழ வந்தா நனைஞ்சிரும்," என்று இக்னேஷியஸ் சொன்னான். "சொன்னதைச் செய்யுங்க மச்சான், ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று கூலியாட்கள் காதில் விழவே சொன்னவனும் அவன்தான். அன்று துரை பின்கட்டைப் பார்த்துவிட்டு லியனார்டின் தோளைத் தட்டினார்.

"ஏன் வெளியே கிடந்தது?" என்றார் துரை.

லியனார்ட் கேட்டான்.

இக்னேஷியஸ் அவனை நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். தங்கச்சியைக் கைப்பிடித்தவனின் சட்டைக் காலரில் தொடங்கி, மெருகேறிய சப்பாத்துவரை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"என் தப்புதான்னு சொல்லிருங்க," என்றான்.

லியனார்ட் அதை ஆங்கிலத்தில் சொன்னான். 'தன் தவறுதான் என்கிறான்.' பிழையில்லாத நல்ல ஆங்கிலம். துரையின் புருவம் ஒரு கணம் சுருங்கியது. ஆனால் லிவர்பூலுக்கு அன்றைக்கே பதில் போயாக வேண்டும். பதிலுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

இக்னேஷியஸுக்கு வேலை போயிற்று. அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து அடுத்த கப்பல் என்று ஏற்பாடாயிற்று. கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த அவனுக்கு நாகப்பட்டணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. லியனார்டையோ தலைமை அலுவலகத்துக்கு மாற்றி உயர்த்தப்போவதாகத் துரை சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை லியனார்ட் கோயிலுக்குப் போனான். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் முழந்தாளிட்டு ஆத்தும சோதனை செய்தான். சின்ன வயசிலிருந்து செய்து பழகியதுதான். அன்றைக்கோ ஒவ்வொரு கேள்வியும் துரையின் குரலிலேயே கேட்டது. பாவங்களைச் சொல்லும் கூண்டின் வலைக்கு அப்பால் இருந்த சாமியாரிடம், "சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்," என்றான். சாமியார் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாதாவை நோக்கிப் பத்துப் பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொல்லி முடித்தான். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அப்படியே உட்கார்ந்திருந்தது.

வீட்டில் பெர்னடெட் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அண்ணன் வீட்டுப் பாத்திரங்கள் சிலவற்றைப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். கப்பலில் கொண்டுபோக முடியாதவை.

அவன் பின்கதவுப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தாழ்வாரம், மழை, கூலியாட்கள் முன்னால் பேசிய பேச்சு, கடைசியில் மொழிபெயர்த்த அந்த வாக்கியம். அவள் கை மீன்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல," என்றாள். "மாப்ளய நல்லாப் பாத்துக்கன்னுதான் சொல்லிச்சு."

"சங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துட்டேன், பெர்னி."

"சாமியார் ஏன்னு கேக்கலியா?"

அவன் படியில் ஒட்டிக் கிடந்த மீன் செதிலைச் சுரண்டி எறிந்தான்.

"நான் அகப்பைய எடுக்கிற அளவுக்கு ஏன் ஏன்னு கேட்டீங்களே. அண்ணன்கிட்ட வந்ததும் நின்னு போச்சா? பத்துப் பிரியதத்தம் சொன்னா கப்பல் போகாம நின்னுருமா?" அழுகையை அடக்கிக்கொண்டு மீனை மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். "வேல போனா போவுது. நான் பலகாரம் சுட்டு பாசார்ல வித்துக்கிறேன். இப்பிடி ஒரு மூஞ்சிய வச்சிக்கிட்டு எம்பக்கத்துல ஒக்காராதீங்க."

புதன்கிழமை வகுப்பில் துரை கிள்ளான் விவகாரத்தையே பாடமாக வைத்திருந்தார். கரும்பலகையில் மேலிருந்து கீழே கேள்விகளும் பதில்களும். அடியில் 'மண்டோரின் தவறு' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். லியனார்டைக் காட்டி மற்ற கிராணிமாரிடம் பாராட்டிச் சொன்னார்.

லியனார்ட் எழுந்தான். பலகையருகே போய்ச் சாக்கட்டியை எடுத்து, அந்த இரட்டைக் கோட்டுக்குக் கீழே 'ஏன்?' என்று எழுதினான்.

"ஆளின் பெயர் பதில் இல்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள், ஐயா," என்றான். "பெட்டிகளை வெளியே போடச் சொன்னது நான். மழையில் நனையும் என்று மண்டோர் எச்சரித்தார். உங்கள் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் எனக்காகப் பொய் சொன்னார். பொய் என்று தெரிந்தே நான் மொழிபெயர்த்தேன்."

துரையின் கழுத்து மெல்லச் சிவந்தது. பலகையைப் பார்த்தார், லியனார்டைப் பார்த்தார். கடைசியில் தம் கையில் இருந்த துணியைப் பார்த்தார். 'மண்டோரின் தவறு' என்பதை அவரே துடைத்தார்.

"நானும் அங்கேதான் நிறுத்தினேன்," என்று மட்டும் சொன்னார்.

இக்னேஷியஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பெட்டிகள் பின்கட்டுக்குத் திரும்பின. லியனார்டின் பதவி உயர்வு போயிற்று. கிராணி நாற்காலியும் போயிற்று. வாசல் தராசருகே நின்று எடை பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மச்சானோடு தினமும் ஒரே கிட்டங்கியில் நின்றும் நேருக்கு நேர் பேச அவனுக்கு நா எழவில்லை. இக்னேஷியஸும் பேசவில்லை, ஞாயிறு பூசை முடிந்து தங்கச்சி வீட்டில் சாப்பிடுகிற வழக்கத்தையும் விட்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. லியனார்ட் பதறி எழுந்தான்.

"மச்சான்... அன்னிக்கு நீங்க ஏன் எனக்காக..."

"இன்னும் விடலியா மாப்ளே அந்தப் படிப்ப?" இக்னேஷியஸ் துண்டை உதறித் தோளில் போட்டான். முகத்தில் சிரிப்பு பாதிதான் வந்திருந்தது. "ஏன் ஏன்னு கேட்டா வயிறு நெறயாது லா. எந்தங்கச்சி சோறாச்சும் போடுதான்னு பாக்க வந்தேன். ஏய் பெர்னி, பசிக்குது!"

பெர்னடெட் உள்ளேயிருந்து இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று, அண்ணன் வீட்டிலிருந்து வந்து திரும்பிப் போகாமல் இருந்த தட்டு. லியனார்ட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன்னுடையதை மச்சான் முன்னால் நகர்த்தினான். சோறு விழுந்த பிறகும் அவன் தட்டில் கை வைக்கவில்லை.

"சாப்பிடுங்க," என்றான் இக்னேஷியஸ், அவன் பக்கம் பார்க்காமலே.