வியாழக்கிழமை மீறல்

கைப்பேசிக்கு வந்த செய்தியைக் கிறிஸ்துதாஸ் மூன்று முறை படித்தார். வண்டி எண் அவருடையது. நாள், நேற்று, வியாழக்கிழமை. நேரம், காலை பதினொன்று பத்து. இடம், கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை. கீழே ஆங்கிலத்தில் ‘வயலேஷன்’ என்று போட்டு, பின்னால் உட்கார்ந்தவர் தலைக்கவசம் அணியவில்லை என்று எழுதியிருந்தது.

முப்பத்தோரு வருடம் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர் அவர். மீறல் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை வெள்ளைக்காரன் எத்தனை டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறான் என்பது அவருக்கு அத்துப்படி. சட்டத்தை மீறினால் வயலேஷன். அடுத்தவன் உரிமையில் கை வைத்தால் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். ஆண்டவர் கட்டளையைத் தாண்டினால் டிரான்ஸ்கிரஷன். கொடுத்த வாக்கையும் போட்ட கையெழுத்தையும் முறித்தால் பிரீச். மற்றதற்கெல்லாம் ஏதோ ஒரு பரிகாரம் உண்டு, பிரீச் செய்தவன் முகத்தில் மட்டும் விழிக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

வண்டி அவர் பேரில் இருந்தாலும் ஓட்டுகிறவன் மகன் பிரிட்டோ. உளுந்தூர்பேட்டையில் மோட்டார் பம்பு விற்கும் கடையில் வேலை, வியாழக்கிழமை விடுமுறை. களமருதூர் ஜோஸ்வாவின் மகள் நான்சியை அவனுக்கு நிச்சயம் செய்து, மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று கடைசி ஓலை வருகிற ஞாயிறு வாசிக்கப்படும். “எம்பையன் விஷயத்துல நான் ஜவாப்” என்று ஜோஸ்வாவின் கையைப் பிடித்துச் சொன்னவர் கிறிஸ்துதாஸ்.

செய்தியோடு வந்த படத்தைத் திறந்தார். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. பின்னாலிருந்து எடுத்தது. பிரிட்டோவின் முதுகை ஒட்டி ஒரு பெண். தலையில் முக்காடு. சேலை என்ன நிறம் என்பது சாலைப் புழுதியில் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மலைச் சாலையில், முக்காடு போட்ட பெண்.

அந்த மலைச் சாலை ஏற்கெனவே அவரைக் குத்திய முள். ஐந்து வருடத்துக்கு முன் மகள் அமுதா, மலையடிவாரத்துப் பிரவீன்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். யாரைக் கட்டினாள் என்பதைவிட, எப்படித் தெரிந்தது என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. கோர்ட்டுக்கு எதிரே பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பை டீ குடிக்கப் போன குமாஸ்தாக்கள் எல்லாரும் படித்த பிறகு, கடைசியாகப் படித்தவர் பெற்ற தகப்பன். அன்று சாயங்காலமே முத்திரைத்தாள் வாங்கி, இந்த வீட்டார் யாரும் அவள் வாசலை மிதிக்கக் கூடாது என்று தானே எழுதினார். அவரும், மனைவி உபகாரமேரியும், பிரிட்டோவும் கையெழுத்துப் போட்டார்கள். அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பக்கம் அவர் சந்தேகம் போகவே இல்லை. போட்டது அவர் வீட்டார் கையெழுத்தல்லவா!

இரவுச் சாப்பாட்டில் விசாரணையை ஆரம்பித்தார். படத்தைக் காட்டவில்லை. சாட்சியை முதலில் பேசவிட வேண்டும்.

“நேத்து வியாழக்கிழம எங்க போயிருந்த?”

“எங்கயும் போலியேப்பா. வூட்லதான் இருந்தேன்.”

“வண்டி இல்லியே காலைல.”

பிரிட்டோ குழம்பைப் பிசைந்தான். “அம்மாவ கோயில்ல எறக்கி வுட்டுட்டு வந்தேன். மரியாயின் சேனை கூட்டம்.”

“ஆமாங்க,” என்றாள் உபகாரமேரி அடுப்படியிலிருந்து. “பத்து மணிக்கு எறக்கி வுட்டான். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?”

“கேக்கக் கூடாதா?”

“கேளுங்க, கேளுங்க. கோர்ட்டு வுட்டு வந்தும் கூண்டு வுட்டு வரல நீங்க.”

அவர் சிரிக்கவில்லை. பெற்ற தாயை ஜெபக் கூட்டத்தில் இறக்கிவிட்டுவிட்டு, அந்த நேரத்தில் எவளையோ ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறான். ஜெபத்தையே மறைப்பாக வைத்திருக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகும் மகனைக் கவனித்தார். போனைக் கவிழ்த்து வைக்கிறான். மாடிப்படியில் நின்று மெதுவாகப் பேசுகிறான். “வர்ற வாரமும் கண்டிப்பா வரோம்” என்பது மட்டும் காதில் விழுந்தது. வர்ற வாரமும்! அப்படியானால் நேற்று மட்டும் இல்லை.

ராத்திரியோடு முடிவு செய்துவிட்டார். படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்த வேண்டியது. நாளைக்கு ஜோஸ்வா வீட்டார் கண்டுபிடித்து நிறுத்துவதைவிட, இன்றைக்கு நாமே நிறுத்துவது கௌரவம்.

சனிக்கிழமை காலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கணினிக் கடைக்குப் போனார். தனுஷா என்ற பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“தாத்தா, உங்க போன்ல இருக்கற படத்த பெருசு பண்ணா ஒடஞ்சிடும். இருங்க, ஒரிஜினல எறக்கறேன்.” திரை முழுக்கப் படம் விரிந்தது. “பாட்டிக்கு ஒரு ஹெல்மெட்டு வாங்கிக் குடுக்கக் கூடாதா? மலைல காத்து ஜாஸ்தி வேற.”

“பாட்டியா? மூஞ்சே தெரியல, எப்பிடி சொல்ற நீ?”

“மூஞ்சி எதுக்கு? கால பாருங்க. பித்தவெடிப்பு. எங்க ஆயாவுக்கும் இதே மாதிரிதான்.”

கிறிஸ்துதாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பார்வை காலில் நிற்கவில்லை. மடியிலிருந்து பக்கவாட்டில் தொங்கிய ஒயர்க்கூடையில் நின்றது. பச்சைக் கூடை. ஒரு கைப்பிடி அறுந்து, சிவப்பு நாடாவால் சுற்றிக் கட்டியிருந்தது. கோர்ட்டில் வழக்குக் கட்டுகளைக் கட்டுகிற நாடா. நாலு சுற்று, இரட்டை முடிச்சு, மிச்சத்தை உள்ளே செருகுவது. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்த முடிச்சைப் போடுகிறவர் ஒருவர்தான். போன பொங்கலுக்கு முன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரே போட்டது.

“இன்னா தாத்தா, தெரிஞ்சவங்களா?”

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எத்தனை வியாழக்கிழமைகள்? திரும்பி வந்து, “கூட்டத்துல இன்னைக்கு ஜெபம் நீண்டுடுச்சிங்க” என்று சொல்லிக்கொண்டே எத்தனை நாள் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள்? முப்பத்தெட்டு வருடம் ஒரே கூரைக்குள் இருந்தவள், கையெழுத்துப் போட்ட கை. பிரீச் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்தச் சொல்லுக்கு அவரே வகுத்த தண்டனையும் கூடவே வந்தது. யார் முகத்தில் விழிக்காமல் இருப்பது?

“அச்செடுக்கவா? இல்ல ஃபைன் கட்டவா? ஆட்சேபண இருந்தா அதயும் போடலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

“கட்டிடு.”

“தப்ப ஒத்துக்கறதா டிக் பண்ணணும்.”

“பண்ணு.”

சாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி நேராக நடந்தார். தலைக்கவசக் கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். வீட்டம்மாவுக்கு என்றார். அளவு கேட்டான். தெரியவில்லை. காற்றில் இரண்டு கையையும் வைத்து ஒரு தலையை அளந்து காட்டினார். கடைக்காரனுக்குச் சிரிப்பு வந்தது.

மத்தியானம் அதைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார்.

“இன்னாங்க இது?”

“பின்னால உக்கார்றவங்களுக்கு. வண்டி எம்பேர்ல இருக்குது. வயலேஷன்னு எம்போனுக்கு இன்னொரு வாட்டி வரக் கூடாது.”

உபகாரமேரியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிரிட்டோ மெல்லுவதை நிறுத்தினான்.

“கோயில் நாலு தெரு தள்ளிதானப்பா,” என்றான் மெதுவாக.

“நாலு தெருவானாலும் சட்டம் சட்டந்தான். சாப்புடு.”

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்பட்டது. கிறிஸ்துதாஸ் முதல் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒயர்க்கூடை வாசலில் இருந்தது. நாடா நைந்து முடிச்சு நெகிழ்ந்திருந்தது. பெட்டியிலிருந்து புது நாடா எடுத்துவந்து உட்கார்ந்தார். கூடையில் மேலாக ஜெபப் புத்தகம். அதன் கீழே எள்ளுருண்டை டப்பா. அதற்கும் கீழே, குடை மாதிரி மடக்கி வைத்த, கைக்குழந்தைக்கான கொசுவலை.

உபகாரமேரி கதவோரம் நின்றாள். கண்ணில் பயம் இருந்தது. அவர் தலை நிமிராமல் நாலு சுற்றுச் சுற்றினார்.

“கூட்டத்துல எல்லாரும் சௌக்கியமா?”

அவள் கொஞ்சம் தடுமாறினாள். “சௌக்கியந்தாங்க. ஆஸ்பத்திரில இன்னும் ரெண்டு மாசம்னு சொல்லிக்கிறாங்க.”

இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே செருகி, கூடையைத் தூக்கி இழுத்துப் பார்த்தார். தாங்கும்.

வாசலில் பிரிட்டோ வண்டியை உதைத்தான். அவள் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள்.

“கொண்ட இடிக்குதுங்க. ஏறல.”

“எறக்கிக் கட்டு,” என்று சொல்லிவிட்டு, அவள் கட்டி முடிக்கும்வரை நின்று, தாடைக்குக் கீழே வாரை இழுத்து, சத்தம் கேட்கிறவரை அழுத்தி மாட்டினார்.