கார்க்கு எரிந்த பிறகு

வில்லி ஷாண்டின் அரைப் புட்டி விஸ்கிக்கு ஒன்பதாயிரத்து நானூறு பவுண்டு தருவதாக எடின்பரோ ஏலக்காரர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். அவர் அதை நாலாக மடித்துச் சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் மேசை ஆடவில்லை. அந்தக் கடிதத்தால் விளைந்த ஒரே பிரயோஜனம் அதுதான் என்று டஃப்டவுன் கடைத்தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பால்நகாரோ வடிசாலையை இழுத்து மூடிய அன்று, வேலை பார்த்த பதினோரு பேருக்கும் கடைசிப் பீப்பாயிலிருந்து ஆளுக்கு அரைப் புட்டி கொடுத்தார்கள். மற்ற பத்துப் பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; அவர்களுடைய புட்டிகள் அவர்களுக்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. மிச்சம் இது ஒன்றுதான்.

அந்தப் புட்டியைக் கம்பளிக் காலுறைக்குள் சொருகி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, மார்ச் மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கிழவர் கடைக்குள் நுழைந்தபோது, கடைக்காரன் இன்னெஸ் ரியாக் நாற்காலி போடுவதை விட்டுவிட்டு அந்தப் பையின் புடைப்பையே பார்த்தான்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு இன்னெஸின் கடையில் ருசி பார்க்கும் வகுப்பு. இரும்புக் கணப்பைச் சுற்றி நாற்காலிகள், தலைக்கு நாலு கிளாஸ், நாலு தினுசு விஸ்கி. எதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று இன்னெஸ் வாயாலேயே படம் வரைந்து காட்டுவான். கேட்டவர்கள் எழுந்து போகும்போது கையில் ஒரு புட்டியாவது இல்லாமல் போனதில்லை. அவனும் கூடவே கிளாஸைத் தூக்கி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடித் தலையாட்டுவான். தான் விற்கிற சரக்கைத் தானே வாயில் வைக்காத வியாபாரியிடம் எவனும் வாங்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் பதினாலு மாதமாக அவனுடைய கிளாஸ்களில் இருந்தது ஆறிப்போன தேநீர். அவன் மனைவி எல்ஸ்பெத் சனிக்கிழமை காலையில் நாலு பாத்திரத்தில் நாலு பதத்தில் இறக்கி வைப்பாள். அயர்லாந்துக்கு இளம் வைக்கோல் நிறம், கெண்டக்கிக்குச் செம்பு, ஷெரி மது இருந்த பீப்பாயில் ஊறிய சரக்குக்கு நன்றாகக் கொதித்த கருஞ்சிவப்பு, ஐலா தீவின் புகைச் சரக்குக்கு மறுபடியும் வெளிறல். இந்த உலகத்தில் அவர்கள் இருவரையும் எல்ஜின் ஊர் டாக்டரையும் தவிர யாருக்கும் இது தெரியாது.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, கடையின் பின்புறத் தொட்டியில் பல் துலக்கக் குனிந்தவன், வாயிலிருந்து வந்ததைப் பார்த்து முதலில் ஏதோ திராட்சை மது என்றுதான் நினைத்தான். அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. தொண்டைக்குழாய்க்குள் ரத்த நாளங்கள் பலூன் மாதிரி வீங்கியிருப்பதாக டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். "அடுத்த வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இல்ல, அதுவே கடைசியாவும் இருக்கலாம். அடுத்தது எதுன்னு சொல்ல என்கிட்ட கருவி இல்ல, மிஸ்டர் ரியாக்." அன்றிலிருந்து விழுங்குகிற ஒவ்வொரு முறையும், ரொட்டியானாலும் எச்சிலானாலும், இன்னெஸ் உள்ளுக்குள் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்பான். உடைந்ததா, இல்லையா?

அந்தச் சனிக்கிழமை ஏழு பேர். சைக்கிளில் ஊர் சுற்றுகிற ஒல்லாந்துக்காரர்கள் நாலு பேர். கெண்டக்கியிலிருந்து வந்த பல் டாக்டர் வாண்டா ஹோபர்ட், ஒரு வார்த்தையும் பேசாத அவள் புருஷன். முன்வரிசை நடுவில் ஷாண்ட்.

"எங்க ஊர்ல ஐஸ் இல்லாம குடுத்தா கடைக்காரன் மேல சந்தேகம் வரும்," என்றாள் வாண்டா.

"தாராளமா போடுங்கம்மா! உங்க ஊர்ச் சரக்கு அதைத் தாங்கும். சோளத்து இனிப்பு, உள்ள கருக்கின புதுப் பீப்பா. வாட்டசாட்டமான ஆளு, குளிருக்குப் பயப்படமாட்டான். இந்த அயர்லாந்துக்காரன் அப்படி இல்ல. மூணு தடவை வடிச்சு வடிச்சு உடம்புல எலும்பே கிடையாது. உள்ளங்கைச் சூட்டுல வெச்சுக் கொஞ்சணும். ஐஸ் போட்டீங்க, செத்துருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். செத்துருவான் என்ற சொல் இன்னெஸின் நாக்கிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

ஷெரி பீப்பாய்க்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டு இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொன்னான். கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிற மாதிரி, திறப்பது உள்ளே இருப்பவர் இஷ்டம். ஐலா சரக்கை முதல் மூச்சில் ஆஸ்பத்திரி வாசனை என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள், மூன்றாவது மூச்சில் கடலோரத்தில் யாரோ மீன் சுடுவது தெரியும் என்றான். சொல்லிக்கொண்டே தன் கிளாஸைச் சுழற்றினான். ஷாண்ட் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் கிழவருக்கு மோப்பம் போய்விட்டது. நாற்பது வருஷம் வடிசாலையில் மூக்கை வைத்துப் பிழைத்தவருக்கு இப்போது விஸ்கியும் வெந்நீரும் ஒன்று, சூடு மட்டும்தான் வித்தியாசம். மூக்கு போனதிலிருந்து அவர் கண்ணால் குடிக்கிறார். விஸ்கியைச் சுழற்றினால் கிளாஸின் உட்புறத்தில் எண்ணெய் மாதிரி ஏறி நின்று, சொட்டுச் சொட்டாக, அவசரமில்லாமல் இறங்கும். அந்த ஊர்க்காரர்கள் அதைக் கண்ணீர் என்பார்கள். இன்னெஸின் கிளாஸில் ஏறியது ஏறின வேகத்தில் வழிந்து விழுந்தது.

"பையா," என்றார் ஷாண்ட். அறுபத்திரண்டு வயசு இன்னெஸை அப்படிக் கூப்பிட அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான் பாக்கி. "உன் கிளாஸ் அழமாட்டேங்குதே."

இன்னெஸ் கிளாஸைச் சுழற்றுவதை நிறுத்தினான். "கிளாஸ் சரியா கழுவல போல, பெரியவரே."

"எல்ஸ்பெத் கழுவினதையா சொல்றே? கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் உசுரோட இருக்கணும்னு ஆசை இல்லையா?"

ஒல்லாந்துக்காரர்கள் சிரித்தார்கள். பின்கட்டு வாசலில் நின்ற எல்ஸ்பெத் சிரிக்கவில்லை.

கிழவர் அதற்கு மேல் தோண்டவில்லை. காலுறையிலிருந்து புட்டியை உருவி, மடியில் இடுக்கி, கார்க்கைத் திருகி எடுத்தார். இன்னெஸ் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கணப்பின் கதவைத் திறந்து அதை நெருப்பில் போட்டுவிட்டார். கார்க்கு ஒரு தடவை சீறியது.

அந்த வட்டாரத்து வழக்கப்படி அதற்கு மேல் பேச்சில்லை. கார்க்கு எரிந்த புட்டி வீடு திரும்பாது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான் முடிக்க வேண்டும், தலைக்கு ஒரு பங்கு. ஊற்றியதைக் கொட்டக்கூடாது, அடுத்தவன் பங்கில் கை வைக்கவும் கூடாது.

"இன்னிக்கு எனக்கு எண்பது," என்றார் ஷாண்ட். "இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்ல. இந்த ஊர்ல நல்ல நாக்கு உன்னோடது. நீ குடிச்சுச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

எட்டுப் புதுக் கிளாஸ்களில் இன்னெஸே ஊற்றினான். ஊற்றிக் கை பழகினவன். எட்டிலும் ஒரே மட்டம். தன்னுடையதை எடுத்து முகர்ந்தான். மூக்குக்குத் தடை இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இப்படி ஒன்று வரும் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்காது.

"ஆப்பிள்," என்றான். "பழசானது, மச்சுல வைக்கோல் மேல அடுக்கி வெச்சது. தேன் மெழுகு. மழையில நனைஞ்ச குதிரைச் சேணம். அடியில... கரிப்புகை, ரொம்பக் கொஞ்சம்."

"அது மூணாம் நம்பர் சூளை," என்றார் ஷாண்ட். கண்ணை மூடியிருந்தார். "சூளை பார்த்த டக்கல்ட் எப்பவும் கரியை அதிகமா போடுவான், சொன்னாக் கேக்கமாட்டான். அப்புறம்?"

"அவ்வளவுதான் பெரியவரே."

"இது மூக்கு சொன்னது. நாக்கு என்ன சொல்லுது?"

இன்னெஸ் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனான். பனியில் வெடித்திருந்த உதட்டில் ஒரு சொட்டு பட்டது, சுரீர் என்று எரிந்தது. எரிந்த இடத்திலிருந்து அவன் உடம்பு முழுவதும் வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சியது. ரத்தம் வந்ததைவிட அவனைப் பயமுறுத்தியது அதுதான். தொட்டிக்கு முன்னால் முழங்கால் மடிந்து விழுந்த அந்தக் காலையை நினைத்துக்கொள்ளப் பார்த்தான், ஞாபகம் வரவில்லை. ஆப்பிள்தான் வந்தது. யாரோ ஒருவன் தனக்குள் உட்கார்ந்து, கணக்குப் பார்க்கிற குரலில், ஒண்ணும் ஆகாமலும் போகலாம்னுதானே சொன்னார் என்றான். அந்தக் குரல் வாடிக்கையாளரிடம் பேசுகிற தன் குரல்தான் என்று இன்னெஸுக்குத் தெரிந்தது. அந்தக் குரலில் அவன் எதை வேண்டுமானாலும் விற்றுவிடுவான்.

கிளாஸைக் கீழே வைத்தான். உதட்டைச் சட்டைக் கையில் அழுத்தித் துடைத்தான்.

"என்னால முடியாது. பதினாலு மாசமா நான் குடிக்கறது டீ. குடிச்சா உள்ள உடைஞ்சுரும். ரத்தமா வந்துச்சு, வில்லி."

வாண்டாவின் புருஷன் தன் கிளாஸை ஒரு தடவை சந்தேகமாக முகர்ந்துகொண்டான். இனி கடை அவ்வளவுதான் என்று இன்னெஸ் நினைத்தான். நாளைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஷாண்ட் எழுந்து, இன்னெஸின் ஐலா கிளாஸை எடுத்து, அதிலிருந்த வெளிறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"சர்க்கரை கூடப் போடலையாடா உன் பொண்டாட்டி?" என்றார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பங்கைக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். வாண்டா ஐஸ் கேட்கவில்லை. குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே கிழவரிடம் குனிந்து, "உப்புக் கலந்த வெண்ணெய் மாதிரி இருக்குய்யா, கடைசில லேசாக் கசக்குது," என்றாள். ஷாண்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கிளம்பினார்கள். ஒல்லாந்துக்காரர்கள் ஆளுக்கொரு புட்டி வாங்கிக்கொண்டதை இன்னெஸால் நம்ப முடியவில்லை. கடைசியாக ஷாண்ட் எழுந்தார். இன்னெஸ் தன்னுடைய கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"எடுத்துட்டுப் போயிருங்க பெரியவரே."

கிழவரின் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, மனசு நொந்துபோன முகம். "என்னை என்னன்னு நினைச்சே? உன் பங்குல கை வைப்பேனா? நோயாளின்னா பங்கு இல்லைன்னு ஆயிருமா? அது உன்னோடது, இன்னெஸ். பால்நகாரோல கடைசிச் சொட்டு. நீ கும்பிட்டுக்கிட்டாலும் சரி, சும்மா பாத்துக்கிட்டு இருந்தாலும் சரி. சனிக்கிழமை வரேன்." அவன் தோளைத் தட்டினார். அவரால் செய்ய முடிந்த மரியாதையில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. மணிக்கூண்டுப் பக்கம் மேடேறி, காலி காலுறையைக் கையில் பிடித்தபடி போனார்.

எல்ஸ்பெத் வந்து பக்கத்தில் நின்றாள்.

"தொட்டியில ஊத்திடறேன்."

"அவர் கேப்பாரு."

"ஆவியாப் போயிருச்சுன்னு சொல்லு."

"அவர்கிட்டயா? நாப்பது வருஷம் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆவியாப் போகும்னு அளந்து எழுதினவரு."

எல்ஸ்பெத் விலை எழுதுகிற மெழுகுப் பென்சிலை எடுத்து, குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, கிளாஸின் வெளிப்பக்கத்தில் விஸ்கி நிற்கிற இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். மேலே ஒரு சாஸரைக் கவிழ்த்தாள். கண்ணாடியில் பென்சில் வழுக்கியதில் கோடு ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. எது உண்மையான மட்டம் என்பதில் இனி ஒரு வாய்க்குச் சந்தேகம் இருக்கும் என்பதை இருவரும் பார்த்தார்கள்.

பிறகு அவள் அந்தப் புட்டி ஊற்றிய மற்ற கிளாஸ்களைக் கழுவப் போனாள். இன்னெஸ் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பதை எண்ணினான். ஊற்றியது எட்டு. கழுவியது ஏழு. சனிக்கிழமைக்கு இன்னும் ஏழு நாள். நிலுவை ஒன்று, சிவப்புக் கோடு வரைக்கும்.