நடுவில் காம்பு வைத்த கட்டை

வீரம்மாவுக்கு அந்த விளையாட்டைக் கண்டாலே எரிச்சல். மலாயாவின் ஈப்போவில் அத்தனை நல்ல நிலத்தை வளைத்துப் போட்டு, மரவள்ளிகூட நடாமல் வெறும் புல்லை வளர்த்து, அதில் ஒரு குழியைத் தோண்டி, அந்தக் குழிக்குள் வெள்ளைப் பந்தைத் தள்ளுவதற்காகத் துரைமார் வெயிலில் வேர்த்து வழிவார்கள். அதற்குப் பெயர் கோல்ப். அவளுக்கு அங்கே குழியைச் சுற்றிக் குந்திக் களை பிடுங்குகிற வேலை. புருஷன் பத்துமலைக்குத் துரையின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடக்கிற வேலை.

அந்த வருஷம் மட்டும் அவளும் பந்தைக் கவனிக்க ஆரம்பித்தாள். காரணம் ஒரு கதவு.

வருஷத்தில் ஒரு நாள் பை தூக்குகிறவர்களுக்கென்று போட்டி நடக்கும். இந்த முறை ஜெயிக்கிறவனைத்தான் பை தூக்குகிறவர்களுக்குக் கங்காணியாகப் போடுவோம் என்று துரைமார் சொல்லியிருந்தார்கள். கங்காணிக்குக் கிளப்புக்குப் பின்னால் பலகை வீடு உண்டு. அந்த வீட்டுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாளும் உண்டு. அவர்கள் குடியிருந்ததோ பால்காரரின் மாட்டுக்கொட்டகைச் சாய்ப்பில். வாசலுக்குச் சாக்குப் படுதா. வீரம்மா பிள்ளைத்தாய்ச்சி. "சாக்குக்குப் பின்னால கெடந்து நான் புள்ள பெறமாட்டேன்" என்று புருஷனிடம் அடித்துச் சொல்லிவிட்டாள்.

பத்துமலையும் சும்மா இருக்கவில்லை. துரைமார் உடைத்து எறிந்த மட்டைகளைப் பொறுக்கி, ஒட்டுப்போட்டுப் பழகினான். தூர அடிக்கிற மட்டைகள்தான் உடையும். கிட்டத்தில் குழிக்குள் தள்ளுகிற கட்டையை யார் உடைப்பார்கள்? அதனால் அதை அவனே செய்துகொண்டான். சீனத் தச்சரிடம் ஒரு மெர்பாவ் மரத்துண்டை வாங்கிச் செதுக்கி, நட்டநடுவில் துளை போட்டு, பிரம்பைக் காம்பாகச் சொருகி ஆப்பு அடித்தான். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் வேறு எப்படிச் செய்வான்? சம்மட்டிக்கும் கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் அவன் அப்படித்தானே காம்பு போட்டிருக்கிறான். துரைமாரின் கட்டையில் கம்பி ஓரத்தில் இருப்பதைப் பார்த்து, ஏதோ ஒடிந்துபோனதை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தான்.

கட்டையைப் பார்த்துத் துரைமார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவர்களில் கூடுதலாகச் சிரித்தவர் கிரெய்சன் துரை. பக்கத்துத் தோட்டத்து மானேஜர், கிளப்புக்குத் தலைவர். பத்துமலை சுமந்தது அவருடைய பையைத்தான். கிட்டத்துப் பந்தைத் தள்ளும்போது துரைக்குக் கை நடுங்கும். போன மாதம் நடந்த துரைமாரின் கிண்ணப் போட்டியில் கடைசிக் குழிகள் வந்ததும், மற்றத் துரைமார் தள்ளியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் நீட்டினார்.

"டேய், ஒன் சம்மட்டியக் குடுடா."

பந்து பசு கொட்டிலுக்குப் போவதுபோலக் குழிக்குள் போனது. கிண்ணம் கிளப்புக் கண்ணாடி அலமாரியில் ஏறிக்கொண்டது. இதை எல்லாம் கண்ணால் கண்டவர்கள் பத்துமலையும் களை பிடுங்கிக்கொண்டிருந்த வீரம்மாவும்தான். பை தூக்குகிறவன் திடலில் கண்டதை வெளியில் பேசக் கூடாது, பேசினால் வேலை போய்விடும். பத்துமலை பேசவில்லை.

போட்டி நாள் வந்தது. பத்துமலையும் அவன் கூட்டாளி சீனியும் கடைசிக் குழிவரை சரிக்குச் சரி. சீனியின் பந்து குழியின் உதட்டில் நின்றுவிட்டது. பத்துமலை பிரம்புக் காம்பைப் பிடித்து நிதானமாகத் தள்ளினான். பந்து விழுந்த சத்தம் வீரம்மாவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற சத்தமாகவே கேட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் காரியதரிசித் துரை, சீமையிலிருந்து புதிதாக வந்தவர், கட்டையை வாங்கிப் புரட்டினார். முகம் சுருங்கியது. கிளப்பில் கணக்கெழுதும் கிராணி ராமையா அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"பத்துமலை, இது சட்டத்துக்கு ஆகாதாம்லா. சம்மட்டி மாதிரி நடுவுல காம்பு வச்ச கட்டைய ஸ்காட்லாந்துல பெரிய சங்கமே தடுத்துப்புட்டாங்களாம். ஒன் ஆட்டம் செல்லாது. கங்காணி வேலை சீனிக்கு."

சீனி திகைத்துப்போய், "அண்ணே, எனக்கு இது வேணாம்ணே" என்றான். அவனை யார் கேட்டார்கள்? காரியதரிசி நல்லவர்தான், அவருக்குச் சட்டம் சட்டம்தான். அவர் கிரெய்சன் துரையைப் பார்த்தார், தலைவர் சொல்லட்டும் என்று. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு, ஆமாம், சட்டப்படி செல்லாது என்று தலையை ஆட்டினார். ஆட்டினாரே, அந்தத் தலையை! வீரம்மாவுக்கு உச்சந்தலையில் ஏறியது. கொத்துக்கத்தியோடு எழுந்து நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் தொர, போன மாசம் இதே கட்டைய வாங்கித்தானே நீங்க தள்ளுனீங்க? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தக் கிண்ணம் அங்க அலமாரியில மின்னிக்கிட்டு இருக்கு. அன்னைக்கி இல்லாத சட்டம் இன்னைக்கி எங்கேருந்து மொளச்சிச்சி?"

ராமையாவின் முகம் வெளுத்தது. அதை மொழிபெயர்க்க அவருக்கு நாக்கு வரவில்லை. என்ன சொல்கிறாள் என்று காரியதரிசி தலைவரைக் கேட்டார். தலைவர் தோளைக் குலுக்கி ஏதோ இங்கிலீஷில் சொன்னார்.

"தொரைக்கு நீ பேசுற தமிழ் புரியலையாம், வீரம்மா" என்றார் ராமையா, தரையைப் பார்த்துக்கொண்டு.

தமிழ் புரியவில்லையாம்! தோட்டத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவன் வரவில்லை என்றால் ஆத்தாளையும் அக்காளையும் இழுத்து அச்சுப் பிசகாமல் தமிழில் திட்டுகிற மனிதர். அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. துரை கட்டையை எடுத்துத் தம் பையிலேயே சொருகிக்கொண்டார், இனி இது யார் கையிலும் இருக்கக் கூடாது என்று. சீனிக்குப் பலகை வீடு போனது. பத்துமலைக்குப் பட்டம் கிடைத்தது: கள்ள ஆட்டக்காரன்.

"நீயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றாள் வீரம்மா. அவன் படுதாவை விலக்கிக்கொண்டு ராமையாவைப் பார்க்கப் போய்விட்டான். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சுங்காய் ஊர்க் கிளப்புத் துரைமாரோடு பந்தயம். காரியதரிசி ஊரில் இல்லை. பத்துமலை வழக்கம்போலக் கிரெய்சன் துரையின் பையைச் சுமந்து வந்தான், தன் கட்டையும் அதற்குள் துருத்திக்கொண்டிருந்தது. அவன் பொருளை அவனே அடுத்தவனுக்காகச் சுமக்கிற கொடுமையை வீரம்மா ஒவ்வொரு குழியிலும் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

கடைசிக் குழி. விழுந்தால் வெற்றி. பந்து கிட்டத்தில்தான் கிடந்தது. துரை திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

பத்துமலை துரையின் சொந்த இரும்புக் கட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தான். தன் கட்டையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான். ஒரு வாரமாக ராமையாவிடம் கேட்டு மனப்பாடம் செய்த இங்கிலீஷை உரக்கச் சொன்னான்.

"நாட் அலவ்ட், சார்."

சுங்காய்த் துரைமார் கட்டையைப் பார்த்தார்கள், பிறகு கிரெய்சனைப் பார்த்தார்கள். ஒருவர் எதுவோ கேட்க, மற்றவர் சிரித்துவிட்டார். கிரெய்சன் காதுவரை சிவந்து இரும்புக் கட்டையால் தள்ளினார். கை நடுங்கியது. பந்து குழியை விட்டு விலகி ஓடியது.

பத்துமலை பையை மெதுவாகப் புல்லில் இறக்கிவைத்தான். தன் கட்டையை மண்வெட்டிபோலத் தோளில் சாத்திக்கொண்டான். வீரம்மா கொத்துக்கத்தியை அங்கேயே போட்டுவிட்டு அவனோடு நடந்தாள். கதவு போயிற்று, வேலையும் போயிற்று. ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"டேய் பத்துமலை! எங்கடா போறே? பையை யாருடா தூக்கறது? வாடா இங்கே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

வீரம்மா நின்று திரும்பினாள். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"தொரைக்குத் தமிழ் வந்திருச்சிலா!"