ஆறாவது கேள்வி

ஏட்டு சென்றாயனுக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படியொரு குஷி வந்ததில்லை. ஓசூர் எல்லையோரத்து அந்த ஸ்டேஷனுக்கு அன்று மதியம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் சுகுணா வந்திருந்தாள். போலீஸ்காரர்களுக்கென்றே புதுப் பாலிசி. டியூட்டியில் யாருக்காவது அடிகிடி பட்டு, போலீஸ்காரரே சொந்தப் பணத்தில் நஷ்டஈடு கட்டவேண்டும் என்று கோர்ட் சொன்னால், கம்பெனி கட்டிவிடும்.

"அப்போ இனிமே லத்தியத் தைரியமாச் சுத்தலாம்னு சொல்லும்மா," என்றார் சென்றாயன். ஸ்டேஷனே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், ஏட்டு ஐயாவின் ஜோக் ஆயிற்றே!

படிவத்தை மளமளவென்று எழுதிக்கொண்டு போனவர் ஆறாவது கேள்வியில் நின்றார். கடந்த ஓராண்டில் உங்களால் யாருக்கேனும் காயம் ஏற்பட்டதுண்டா?

"இல்லன்னு டிக் பண்ணுங்க சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றாள் சுகுணா.

அந்த நேரம் பார்த்துத்தானா திம்மப்பனும் அவன் மனைவி செல்லியும் உள்ளே வரவேண்டும்! திம்மப்பன் அஞ்செட்டிப் பக்கத்து ஆள், ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். மூன்று மாதத்துக்கு முன் ஷிப்ட் முடிந்து வரும்போது பைக்கோடு விழுந்தான். வலது கை இன்னும் மடங்கவில்லை. செல்லி மாம்பழப் பையை மேஜைமேல் வைத்துக் கும்பிட்டாள்.

"அன்னிக்கு நீங்க ஜீப்புல தூக்கிட்டுப் போவலன்னா இவரு பொழச்சிருக்க மாட்டாருங்க சார்."

தூக்கிப் போனது உண்மைதான். அதற்கு முன்னால் நடந்தது? கர்நாடக நம்பர் பைக், ஹெல்மெட் இல்லை, கை காட்டியும் நிற்கவில்லை. தடுப்புக்குப் பின்னாலிருந்து லத்தியை வீசினார். எல்லோரும் வீசுவதுதான், பயந்து வண்டியை நிறுத்திவிடுவார்கள். அன்று அது திம்மப்பன் கையிலேயே விழுந்தது. தலையில் அடிபட்டு அவனுக்கு ஒன்றும் நினைவில்லை என்று தெரிந்ததும், மனுஷன் கொஞ்சமும் கூசாமல் ரிப்போர்ட் எழுதினார்: குடிபோதையில் தானே விழுந்தார்.

"இன்சூரன்ஸ்ல பணம் தரமாட்டன்றாங்க சார்," என்றான் திம்மப்பன். "குடிச்சிருந்தன்னு போலீஸ் பேப்பர்ல இருக்குதாம். நான் அதத் தொட்டதே இல்லீங்க. யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க. இந்த மாசத்துக்குள்ள ஆபரேசன் பண்ணலன்னா கை இப்படியேதான்னு டாக்டர் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தாப் போதும்."

யாரோ! அந்த யாரோமேல் அவனுக்குக் கோபம்கூட இல்லை. சென்றாயன் கூனிக் குறுகிப் போனார்.

திம்மப்பன் படிவத்தை எட்டிப் பார்த்தான். "உங்களுக்கும் இன்சூரன்ஸா? போட்டுக்குங்க சார். என்ன மாதிரி அல்லாடக்கூடாது."

சென்றாயன் ஆறாவது கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்தார்.

"ஐயோ சார், பாலிசி கெடைக்காது!" என்று பதறினாள் சுகுணா.

"கெடைக்க வேணாம்மா." எழுந்து நின்றார். "திம்மப்பா, நீயா விழலப்பா. என் லத்திதான். குடிச்சன்னு எழுதுன பாவியும் நான்தான். நடந்தத நடந்தபடி எழுதித் தரேன்."

இப்போது ஸ்டேஷனில் ஒருவரும் சிரிக்கவில்லை. திம்மப்பன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்லி திட்டுவாள் என்று சென்றாயன் காத்திருந்தார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

"வெள்ளிக்கெழம தவறாம உங்க பேருக்கு வெளக்கு ஏத்துனனே சார்," என்றாள்.

பிறகு மாம்பழப் பையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "எழுதுங்க. நாங்க வெளிய நிக்கறோம்."